ஃபுஜி மலையில் பாதி தூரம்: கவாகுச்சிகோ பேருந்தும் ஐந்தாம் நிலையமும்

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஃபுஜி மலைக்கென்று ஒரே ஒரு நாளைத்தான் ஒதுக்குகிறார்கள். காலையில் டோக்கியோவிலிருந்து புறப்பட வேண்டும், மலையைப் பார்க்க வேண்டும், முடிந்தால் அதன் மேல் கொஞ்சம் நடக்கவும் வேண்டும், இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. 3,776 மீட்டர் உயரச் சிகரத்தை எட்டும் எண்ணமோ, மலைக்குடிலில் இரவு தங்கும் ஏற்பாடோ இல்லாத இவர்களுக்காகவே அமைந்ததுபோல, 2,305 மீட்டர் உயரத்தில், மலைப்பாதையின் நடுவழியில் உள்ள ஐந்தாம் நிலையம் என்ற இடம் வரை பேருந்து ஓடுகிறது. மலையடிவாரத்தில் உள்ள கவாகுச்சிகோ ரயில் நிலையத்திலிருந்து புறப்படும் அந்தப் பேருந்துச் சேவையையும், அது கொண்டுபோய் இறக்கிவிடும் இடத்தையும், அங்கிருந்து நடக்கக்கூடிய பாதைகளையும் பகல் பயணி ஒருவரின் நோக்கில் இங்கே மதிப்பிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பேருந்துச் சேவை கொடுத்த காசுக்குக் குறைவைக்காதது. ஐந்தாம் நிலையத்தின் கடைகளைப் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் அதற்காக ஒரு முழு நாளைச் செலவிட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடைகளைத் தாண்டி மேற்குப் பக்கமாகப் போகும் ஓச்சூடோ என்ற பழைய நடைபாதைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்க உங்களால் முடிந்தால், அந்த நாள் ஜப்பான் பயணத்தின் சிறந்த நாட்களில் ஒன்றாக அமைய வாய்ப்பு அதிகம். ஆகவே திட்டமிடும்போது எந்தக் கடையில் என்ன வாங்கலாம் என்பதைவிட, மலைமேல் எத்தனை மணி நேரம் கையில் இருக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து கவாகுச்சிகோவுக்கு வர நெடுஞ்சாலைப் பேருந்தும் ரயிலும் இருக்கின்றன. பேருந்து மலிவானது, சாலை காலியாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஃபுஜி எக்ஸ்கர்ஷன் என்ற நேரடி விரைவு ரயில் 2019 முதல் ஓடுகிறது. அதற்கும் ஏறக்குறைய அதே இரண்டு மணி நேரம்தான், கட்டணம் மட்டும் கிட்டத்தட்ட இரு மடங்கு. அப்படியிருந்தும், வார இறுதியில் செல்பவர்கள் திரும்பும் பயணத்துக்காவது ரயிலைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பேன். ஞாயிறு மாலையில் டோக்கியோ திரும்பும் கார்கள் அனைத்தும் சூவோ விரைவுச்சாலையின் கொபோதொகே சுரங்கப்பாதையை ஒட்டி நெரிந்து நிற்பது ஜப்பானியர் எல்லோரும் அறிந்த சங்கதி. பேருந்தும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். ரயிலில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கானவை என்பதால் பயணத் தேதி முடிவானவுடனே பதிவு செய்துகொள்ள வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாடு முழுவதற்குமான ஜப்பான் ரயில் பாஸ் வழியில் உள்ள ஓட்சுகி நிலையம் வரைதான் செல்லுபடியாகும். அதற்கப்பால் உள்ள தடம் ஃபுஜிக்யூ நிறுவனத்துடையது, அந்தப் பகுதிக்குத் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும். இறங்கும்போது வாயிலில் சீட்டு வேலை செய்யாமல் விழிக்கும் வெளிநாட்டுப் பயணிகளை அங்கே எப்போதும் பார்க்கலாம்.

கவாகுச்சிகோ ரயில் நிலையம் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாசலிலேயே பேருந்து நிறுத்தங்கள் வரிசையாக உள்ளன; ஐந்தாம் நிலையத்துக்குப் போகும் பேருந்து எந்த நிறுத்தத்திலிருந்து புறப்படும் என்பது ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பேருந்துக்கு முன்பதிவு கிடையாது. வரிசையில் நின்று ஏற வேண்டியதுதான். போகவர இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டாக வாங்கினால் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவாகவே ஆகிறது. ஓட்டுநர் சரியான நிமிடத்தில் வண்டியை எடுத்துவிடுவார். யாரோ ஓடி வருகிறார்கள் என்பதற்காகக் காத்திருக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

அடுத்த ஐம்பது நிமிடப் பயணத்துக்காகவே இந்தச் சேவையை நான் பாராட்டுகிறேன். சுபாரு லைன் என்ற இந்தச் சுங்கச் சாலை, டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்த 1964-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இரு பக்கமும் செம்பைன் மரங்கள் நிற்கின்றன. அவை வேர் பிடித்திருப்பது மண்ணில் அல்ல, கென்மாருபி எனப்படும் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பாறையில். வண்டி மேலே ஏற ஏறக் காடு அடுக்கடுக்காக மாறுகிறது. அகன்ற இலை மரங்கள் குறைந்து ஊசியிலை மரங்கள் கூடுகின்றன. இறுதிக் கட்டத்தில் வெளிறிய பட்டை உரிந்து தொங்கும் மலைப் பிர்ச்சுகள் வளைவுகளில் தென்படுகின்றன. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்தில் ஏறத்தாழ 1,450 மீட்டர் ஏறிவிடுவதால் காது அடைக்கும். குழந்தைகளுக்கு மிட்டாய் ஏதாவது கொடுத்து வைப்பது நல்லது. வளைவுகள் இருந்தாலும் நம் மேட்டுப்பாளையம் – ஊட்டி சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பழகியவர்களுக்கு இது நெடுஞ்சாலை மாதிரிதான். இடப்பக்கம் அமர்வதா வலப்பக்கம் அமர்வதா என்று மெனக்கெட வேண்டாம். சாலை இரு திசையிலும் மாறிமாறித் திரும்புகிறது.

உயரத்தைப் பற்றி நம்மவர்கள் மிரள வேண்டியதில்லை. ஊட்டி நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதாவது ஐந்தாம் நிலையம் ஊட்டியைவிடச் சற்று உயரம், தொட்டபெட்டாவைவிடத் தாழ்வு. மூச்சுத் திணறல் பெரும்பாலோருக்கு வராது. இருந்தாலும் இறங்கியவுடனே வேகமாக நடக்கத் தொடங்காமல் அரைமணி நேரமாவது உடம்பைப் பழகவிடுவது முறை. சிகரம் ஏறுபவர்களை ஒரு மணி நேரம் இங்கே தங்கச் சொல்வதும் இதற்காகவே. குளிர்தான் எதிர்பாராத விஷயம். நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 டிகிரி வீதம் வெப்பம் குறைவதால், டோக்கியோவில் வியர்த்து வழியும் ஆகஸ்டு மாதத்தில்கூட இங்கே பதினாலு டிகிரி வரை குறைவாக இருக்கும். அதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். அரைக்கை பனியனோடு வந்து இறங்கிவிட்டு, நினைவுப் பொருள் கடையில் விலையைப் பார்க்காமல் கம்பளிச் சட்டை வாங்கும் குடும்பங்களை அங்கே காணலாம்.

இனி ஐந்தாம் நிலையத்தைப் பற்றி. அடிவாரத்திலிருந்து சிகரம் வரையிலான பாதையைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து எண்ணுவது பழைய வழக்கம். அவற்றில் ஐந்தாவதன் முடிவில் இருப்பது இந்த இடம். பெரிய வண்டி நிறுத்துமிடம், அதைச் சுற்றிக் கடைகளும் உணவகங்களும், ஒரு சிறு அஞ்சலகம், ஒரு கோயில், சவாரிக்கு நிற்கும் குதிரைகள் ஆகியவைதான் மொத்தமும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நண்பகல் வேளையில் சுற்றுலாப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கூட்டத்தைக் கொட்டும்போது, இது மலையா சந்தையா என்ற ஐயம் எழும். ஃபுஜி வடிவத்தில் சுட்ட மெலன் பன், ஃபுஜி வடிவத்தில் சோற்றைக் குவித்துப் பரிமாறும் குழம்புச் சோறு, ஃபுஜி அச்சிட்ட காலுறை என்று எல்லாவற்றிலும் மலை இருக்கிறது.

எல்லாவற்றிலும் இருக்கிறது, கண்ணெதிரே மட்டும் இல்லை. இதைத் திட்டமிடும்போதே தெரிந்துகொள்வது அவசியம். படங்களில் பார்த்துப் பழகிய அந்தக் கூம்பு தெரிய வேண்டுமானால் தள்ளி நிற்க வேண்டும். மலையின் மேலேயே நின்றால் சரிவின் ஒரு துண்டும், அண்ணாந்து பார்த்தால் குறுகித் தோன்றும் ஒரு மேடும்தான் தெரியும். எங்களுடன் வந்திருந்த என் மாமியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, ஃபுஜி மலையைக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்தீங்களே, மலை எங்க இருக்கு?" என்று கேட்டார். "நாம நிக்கிறதுதான் அத்தை" என்ற பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஃபுஜியைப் பார்ப்பது ஒன்று, ஃபுஜியில் நடப்பது வேறொன்று. ஒரே நாளில் இரண்டும் வேண்டுமென்றால் பார்ப்பதைக் கவாகுச்சிகோ ஏரிக்கரைக்கும், நடப்பதை ஐந்தாம் நிலையத்துக்கும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

கூட்டத்துக்கு நடுவே அமைதியாக இருக்கும் ஓர் இடம் கொமிதாகே கோயில். தோரணவாயிலைக் கடந்து உள்ளே போனால் பின்புறம் ஒரு காட்சி மேடை இருக்கிறது. மேகம் இல்லாவிட்டால் கீழே யமனாகா ஏரி தெரியும். ஃபுஜியின் தெய்வமாக வணங்கப்படும் கொனோஹனசகுயா ஹிமேயின் அக்காளான இவானாகா ஹிமேவுக்குரியது இக்கோயில், பொ.ஆ. 937-இல் தோன்றியதாகக் கோயில் மரபு சொல்கிறது. நிலவியல் நோக்கிலும் இந்த இடத்துக்குச் சிறப்பு உண்டு. இன்றைய ஃபுஜி ஒரே எரிமலை அல்ல. பழைய எரிமலைகளின் மேல் புதியவை பொழிந்து மூடி வளர்ந்தது. அப்படிப் புதைந்துபோன கொமிதாகே என்ற முந்தைய எரிமலையின் தலை, இந்த ஐந்தாம் நிலையத்தை ஒட்டித்தான் வெளியே எட்டிப் பார்க்கிறது. கோயிலுக்கும் அந்த எரிமலைக்கும் ஒரே பெயர் வந்ததன் காரணம் இதுவே.

நடைக்கு வருவோம். ஐந்தாம் நிலையத்தில் இறங்கியவர்களுக்கு இரண்டு திசைகள் உள்ளன. கிழக்குப் பக்கமாகப் போவது யோஷிதா பாதை. சிகரம் ஏறுபவர்களின் வழி. இது முதலில் ஏறாமல் கிட்டத்தட்டச் சமமாகவும் சற்று இறக்கமாகவும் செல்லும் அகலமான பாதை. இசுமிகதாகி என்ற பிரிவு வந்ததும் வலப்பக்கம் திரும்பி ஏறத் தொடங்கி, சுமார் 2,390 மீட்டரில் உள்ள ஆறாம் நிலையத்தை அடைகிறது. மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். குதிரைகள் போய்வரும் வழி என்பதால் தொடக்கப் பகுதியில் சாண நாற்றம் சற்று அதிகம். கீழே பார்த்து நடக்க வேண்டும். சிகரம் ஏறும் பருவம் ஜூலை 1 முதல் செப்டம்பர் 10 வரை. அந்நாட்களில் இந்தப் பாதையின் தொடக்கத்தில் வாயிலும் கட்டணமும் உண்டு. 2024-இல் 2,000 யென்னாக இருந்த கட்டணம் 2025-இல் 4,000 யென்னாக உயர்ந்தது. நாளொன்றுக்கு 4,000 பேர் என்ற வரம்பும் இருக்கிறது. மலைக்குடிலில் இடம் பதிவு செய்யாதவர்களுக்கு 2025 முதல் பிற்பகல் 2 மணிக்கே வாயில் அடைக்கப்படுகிறது. இரவோடிரவாக ஓடி ஏறிச் சூரிய உதயம் பார்த்துவிட்டு ஓடி இறங்குபவர்களால் ஏற்பட்ட விபத்துகளைக் குறைக்க யமனாஷி மாகாணம் எடுத்த நடவடிக்கை இது. பகல் பயணிக்கு இந்தக் கூட்டத்தோடு முட்டி மோத வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து.

அவர் திரும்ப வேண்டிய திசை மேற்கு. வண்டி நிறுத்துமிடத்தின் மேற்கு ஓரத்திலிருந்து தொடங்கும் ஓச்சூடோ, ஒரு காலத்தில் மலையின் இடுப்பை முழுவதுமாகச் சுற்றிவந்த வழிபாட்டுப் பாதை. சிகரத்தைப் பல முறை எட்டிய பக்தர்களுக்கே இதில் நடக்கும் தகுதி உண்டென்று பழைய ஃபுஜி வழிபாட்டுக் குழுக்கள் வைத்திருந்தன. நமது கிரிவலத்தை நினைத்துக்கொண்டால் இதன் கருத்து எளிதில் பிடிபடும். இது அடிவாரத்தில் அல்லாமல் மரங்கள் வளரும் எல்லைக்கோட்டை ஒட்டியே சுற்றியது என்பதுதான் வேறுபாடு. இப்போது முழுச் சுற்றும் இயலாது. மலையின் மேற்குச் சரிவில் ஓசாவா குசுரே என்ற மாபெரும் பள்ளம் ஓயாமல் சரிந்துகொண்டே இருப்பதால் அதைக் கடக்கும் வழி மூடப்பட்டுவிட்டது. ஐந்தாம் நிலையத்திலிருந்து ஓனிவா என்ற இடம் வரையிலான பகுதிதான் இன்று நடப்பதற்கு வசதியாக இருக்கிறது. நிதானமாக நடந்தால் போக ஒரு மணி நேரம். பெரிய ஏற்றமோ இறக்கமோ இல்லை.

தொடங்கிய பத்து நிமிடத்திலேயே பேருந்துகளின் இரைச்சல் மறைந்துவிடுகிறது. முதலில் பாசி படர்ந்த நிழற்காடு; பிறகு திடீரென்று மரங்கள் விலகி, மேலிருந்து கீழ் வரை நீண்டு கிடக்கும் கரும்பழுப்புக் கற்சரளைச் சரிவு; மீண்டும் காடு. சரிவைக் கடக்கும் இடங்களில்தான் இந்த மலையின் இயல்பு புரிகிறது. காலடியில் கிடப்பது மண் அல்ல, விரல் நுனி அளவிலிருந்து கைப்பிடி அளவு வரையிலான எரிமலைத் துகள்கள். எடுத்துப் பார்த்தால் முழுக்க நுண்துளைகள், எதிர்பார்த்ததைவிட எடை குறைவு. சில செம்மண் நிறம், சில கருமை. பெய்யும் மழையெல்லாம் இதன் வழியே நேராக உள்ளே இறங்கிவிடுவதால் இத்தனை பெரிய மலையின் மேற்பகுதியில் ஓர் ஓடைகூடக் கிடையாது. அந்த நீர் ஆண்டுகள் பல கழித்து அடிவாரத்தில் ஓஷினோ ஹக்காய் போன்ற ஊற்றுகளாக வெளிவருகிறது. ஐந்தாம் நிலையத்துக்கு வேண்டிய தண்ணீரையே லாரியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருப்பதும் இதனால்தான். சாதாரண ஓட்டக் காலணியே இந்த நடைக்குப் போதும். ஆனால் கணுக்கால் மறையாத காலணி என்றால் சரளை உள்ளே புகுந்து, நடுநடுவே உட்கார்ந்து உதற வேண்டியிருக்கும்.

ஓனிவாவை நெருங்கும்போது மரங்கள் குட்டையாகின்றன. இந்தப் பகுதியின் லார்ச் மரங்களை நின்று பார்க்க வேண்டும். மேற்கிலிருந்து வீசும் காற்று அந்தப் பக்கத்துக் கிளைகளை வளரவே விடாததால், எல்லாக் கிளைகளும் எதிர்ப்பக்கம் மட்டும் நீண்டு, கொடிக்கம்பத்தில் கொடி பறப்பதுபோல் நிற்கின்றன. சில மரங்கள் நிமிர முடியாமல் தரையோடு தரையாகப் படுத்தே வளர்ந்திருக்கின்றன. அடிமரம் தொடை பருமன் இருக்கும், உயரமோ முழங்காலைத் தாண்டாது. செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை இந்த லார்ச்சுகளின் ஊசியிலைகள் மஞ்சளாக மாறி உதிரும்; நாங்கள் போனது அந்தப் பருவத்தில். அவற்றின் கீழே, கற்களின் இடுக்கில், கொகெமோமோ என்ற சிவந்த சிறு பழங்கள் கொத்துக்கொத்தாகக் காய்த்திருந்தன. தேசியப் பூங்கா என்பதால் பறிக்கக் கூடாது; குழந்தைகளுடன் செல்பவர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

ஓனிவாவில் பிளவுபோல் வரிசையாக அமைந்த பழைய எரிமலை வாய்களைக் காணலாம். ஃபுஜியின் உடம்பில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பக்க வாய்களும் குன்றுகளும் உள்ளன. அங்கிருந்து சற்றுக் கீழிறங்கிச் சுபாரு லைனைத் தாண்டினால் ஓகுனிவா. தெங்கு என்ற நீண்ட மூக்குடைய மலைத்தேவதையின் தோட்டம் என்று இதைச் சொல்வார்கள். வளைந்து குறுகிய மரங்களும் பாசியும் கற்களும் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் யாரோ தோட்டக்காரர் வைத்துப் பராமரிப்பது போலத்தான் இருக்கிறது. மேகம் விலகினால் வடக்கே யத்சுகதாகே மலைகளும் மேற்கே ஜப்பானின் தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரும் தெரியும். திரும்பிப் பார்த்தால், ஐந்தாம் நிலையத்தைவிட நன்றாகவே, சிகரம் வரையிலான முழுச் சரிவும் தெரியும். ஓனிவாவோடு திரும்பினால் மொத்தம் இரண்டு மணி நேரம், ஓகுனிவாவையும் சேர்த்தால் ஓய்வெடுக்கும் நேரத்தோடு மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஓனிவாவோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஓகுனிவா இறக்கத்தில் படிகள் உண்டு, திரும்பும்போது அதே படிகளை ஏற வேண்டும். என் மாமியார் ஓனிவாவில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு எங்களை அனுப்பிவைத்தார்.

உணவைப் பொறுத்தவரை ஐந்தாம் நிலையத்துக்கு நான் அதிக மதிப்பெண் கொடுக்க மாட்டேன். அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் குழம்புச் சோறும் ராமெனும் சூடாகக் கிடைக்கின்றன. சுவை நெடுஞ்சாலை ஓய்வகங்களின் தரம்தான், விலை அதைவிட அதிகம். சைவ உணவுக்காரர்களுக்குச் சிக்கல்தான். காய்கறி மட்டுமே மிதக்கும் உடோன் நூடுல்ஸின் சாற்றிலும் உலர்ந்த மீனின் வடிநீர் சேர்ந்திருக்கும். யமனாஷியின் புகழ்பெற்ற பரங்கிக்காய்ச் சேர்மானமுள்ள ஹோதோ என்ற நூடுல்ஸும் பெரும்பாலும் அப்படித்தான். நான் சென்ற ஒரு கடையில் மீன் கிடையாது என்று கையசைத்து உறுதி சொன்னவர், மேலே தூவியிருந்த மீன் செதில்களை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. ஆகவே கவாகுச்சிகோவிலேயே, அல்லது ஷின்ஜுகுவில் ஏறும்போதே, ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டைகளையும் பழங்களையும் தண்ணீரையும் வாங்கிக்கொள்வது உத்தமம். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனாலும் யாரும் தடுக்கப் போவதில்லை. குப்பைத்தொட்டி எங்கும் இருக்காது. கொண்டுபோன உறையைக் கொண்டுதான் திரும்ப வேண்டும். கழிப்பறைக்குக் காசு போட வேண்டும். நூறு யென் நாணயங்கள் சில கையில் இருக்கட்டும். ஓச்சூடோ பாதை நெடுகக் கடையோ கழிப்பறையோ இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் ஃபுஜி, ஏரி, கிராமம், பழத்தோட்டம் எல்லாவற்றையும் காட்டுவதாக விற்கப்படும் தொகுப்புச் சுற்றுலாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் உறவினர்கள் அப்படியொன்றில் சென்றார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஐந்தாம் நிலையத்தில் அவர்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். அதில் பாதி கழிப்பறை வரிசையில் கழிந்தது. மீதியில் மெலன் பன் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். "ஃபுஜியில் ஒன்றுமே இல்லை" என்று அவர்கள் சொல்லித் திரிவதற்கு மலை என்ன செய்யும்? நடக்க விருப்பம் உள்ளவர்கள் மலைமேல் குறைந்தது நான்கு மணி நேரமாவது தங்க முடியாத எந்தத் தொகுப்பையும் வாங்க வேண்டாம். நடக்கவே முடியாத முதியவர்கள் மட்டும் உள்ள குழுவாக இருந்தால், ஐந்தாம் நிலையத்தை விட்டுவிட்டு ஏரிக்கரையிலேயே பொழுதைக் கழிப்பது மேல்.

எந்த மாதத்தில் செல்வது என்பதில் என் தேர்வு செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் முடிய. ஜூன், ஜூலையில் மழையும் மேகமும் அதிகம். ஆகஸ்டில் சிகரம் ஏறும் கூட்டம். கோடைப் பருவத்தில் சொந்தக் கார்களுக்குச் சுபாரு லைனில் தடை இருப்பதால் எல்லோரும் பேருந்தையே நாடுவார்கள். அக்டோபரில் காற்று தெளிவடைகிறது, உச்சியில் வெண்மை தோன்றத் தொடங்குகிறது. சராசரியாக அக்டோபர் முதல் வாரத்திலேயே முதல் பனி விழும் என்பார்கள். ஆனால் 2024-இல் நவம்பர் 7 அன்றுதான் விழுந்தது, 1894-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இதுவே மிகத் தாமதமானது. பனிக்காலத்தில் பேருந்துகள் குறைந்துவிடும். பனி அதிகமானால் சாலை இடையிலேயே மூடப்படும். எந்தப் பருவமானாலும் காலைப் பொழுதே நல்லது, ஏனெனில் வெயில் ஏறஏறச் சரிவில் மேகம் கட்டிக்கொள்ளும். ஷின்ஜுகுவிலிருந்து முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்து, பத்து மணிக்குள் ஐந்தாம் நிலையத்தில் நிற்பதை இலக்காக வையுங்கள். மேலே போய் இறங்கியவுடனே செய்ய வேண்டிய முதல் வேலை, திரும்பும் பேருந்துகளின் அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்வது. கோடை முடிந்தால் பேருந்துகளின் இடைவெளி நீளும். கடைசி வண்டியை விட்டால் டாக்ஸிக்குக் கொடுக்கும் தொகை டோக்கியோ விடுதியின் ஒரு நாள் வாடகையை எட்டிவிடும்.

பிற்பகல் இரண்டு மணிக்குள் கீழே வந்துவிட்டால், கூம்பு முழுவதும் தெரியும் இடம் ஒன்றுக்குப் போக நேரம் இருக்கும். ஷிமோயோஷிதா ரயில் நிலையத்தில் இறங்கி, அரகுராயமா செங்கென் பூங்காவின் 398 படிகளை ஏறினால், ஐந்தடுக்குச் சூரேய்தோ பகோடாவும் அதன் பின்னே ஃபுஜியும் ஒரே சட்டகத்தில் கிடைக்கும். செர்ரி பூக்கும் ஏப்ரலில் இங்கே நகர முடியாது. படிகள் வேண்டாம் என்பவர்கள் கவாகுச்சிகோ ஏரியின் வடகரைக்குப் பேருந்தில் போகலாம். சாலை ஓரத்தில் நின்று படம் எடுக்கும்போது மட்டும் கவனம் தேவை. ஒரு சிறு கடையின் கூரைக்கு மேலே மலை தெரியும் காட்சிக்காகச் சாலையின் குறுக்கே ஓடியவர்களைச் சமாளிக்க முடியாமல், 2024 மே மாதத்தில் ஃபுஜிகவாகுச்சிகோ நகர நிர்வாகம் அந்த இடத்தில் கறுப்புத் திரையே கட்டியது.

ஒருமுறை இங்கே வந்து ஓச்சூடோவில் நடந்து, இன்னொரு முறையும் வர வாய்ப்புள்ளவர்களுக்குத் தெற்குப் பக்கம் உள்ள ஃபுஜினோமியா ஐந்தாம் நிலையத்தைச் சொல்வேன். அங்கே கடைவீதி இல்லை. சுமார் 2,400 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால், 1707 டிசம்பரில் வெடித்து எடோ (இன்றைய டோக்கியோ) நகரம் வரை சாம்பலைப் பொழிந்த ஹோயேய் எரிமலை வாயின் விளிம்பில் நிற்கலாம். சிகரத்தின் வாயைவிட அது பெரியது. டோக்கியோவிலிருந்து ஷின்-ஃபுஜி வரை ஷின்கான்சென் அதிவேக ரயிலில் வந்து பேருந்து மாற வேண்டும் என்பதால் செலவு கூடும், பேருந்துகளும் கோடையில்தான் ஒழுங்காக ஓடுகின்றன. ஆகவே முதல் பயணத்துக்குக் கவாகுச்சிகோ வழியும், அடுத்த பயணத்துக்கு ஃபுஜினோமியா வழியும் என்று வரிசை வைத்துக்கொள்வது சரியாக இருக்கும்.